மனதில் படமே தோன்றாவிட்டால் மொழி கற்க முடியாதா?

கேள்வி: கண்ணை மூடினால் எனக்கு எந்தப் படமும் தெரிவதில்லை. சொல்லைப் படத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் மொழி மனதில் நிற்கும் என்கிறார்கள். என்னால் புது மொழி கற்க முடியுமா? என் குழந்தைக்கும் இப்படி இருந்தால் பேச்சு தாமதமாகுமா?

தாராளமாகக் கற்கலாம். நானும் உங்களைப் போலத்தான். பாட்டி வீட்டைப் பற்றிக் கேளுங்கள்: முற்றத்தில் நான்கு தூண், கிணற்றடிப் பக்கத்துத் தூணில் வெற்றிலை போடுபவர்கள் சுண்ணாம்பு விரலைத் துடைத்த தடம், குதிருக்குப் பின்னால் பகலிலும் இருட்டு என்று சொல்லிக்கொண்டே போவேன். ஆனால் கண்ணுக்குள் ஒன்றும் தெரியாது. எல்லாம் தெரிந்த விஷயமாக இருக்கிறது, காட்சியாக வருவதில்லை.

இப்படியும் மனிதர்கள் உண்டு என்று 1880இலேயே பிரிட்டிஷ் அறிஞர் பிரான்சிஸ் கால்டன் எழுதியிருக்கிறார். காலையில் சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவந்து பாருங்கள், வெளிச்சம் எப்படி, நிறம் எப்படி என்று பலரிடம் கேட்டார். முதலில் கேட்ட விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அப்படி எதுவும் தெரிவதில்லை என்றார்கள். இப்படிப் படம் தோன்றாமல் இருப்பதற்கு ‘அஃபான்டேசியா’ என்ற பெயர் 2015இல்தான் வந்தது. வைத்தவர் ஆடம் ஸீமன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவர்.

சரி, மொழிக்கு வருவோம். குழந்தை பொருளைப் பார்க்கிறது, பெயரைக் கேட்கிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதுவும் நடக்கிறது. ஆனால் காது தனியாகவே ஒரு பெரிய வேலையைச் செய்கிறது. 1996இல் சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவர் 8 மாதக் குழந்தைகளுக்கு பிடாக்கு, படோட்டி, கோலாபு போன்ற அர்த்தமில்லாத சொற்களை இடைவெளியே விடாமல் கோத்து இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை வருகிறது என்பதை வைத்தே சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குழந்தைகள் பிரித்துவிட்டன. பிடாக்குவுக்கு ஏது படம்?

இதைவிட என்னை அசைத்தது வேறொரு ஆய்வு. பார்வையில்லாத ஒரு சிறுமி பேசக் கற்பதை பார்பரா லாண்டா, லைலா க்ளைட்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கூடவே இருந்து கவனித்து, 1985இல் புத்தகமாக எழுதினார்கள். ‘மேலே பார்’ என்று சொன்னால் பார்வையுள்ள சின்னக் குழந்தைகள், கண்ணைக் கட்டியிருந்தாலும், முகத்தை உயர்த்தும். இவளோ முகத்தை அசைக்காமல் கையை மேலே தூக்கினாள். ‘தொடு, ஆனால் பார்க்காதே’ என்றால் லேசாகத் தட்டிவிட்டு விட்டுவிடுவாள். ‘இப்போது பார்’ என்றால் கையால் முழுக்கத் தடவி அறிந்துகொள்வாள். ‘தொடு’ வேறு, ‘பார்’ வேறு என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சுற்றியிருந்தவர்கள் பேசிய வாக்கியங்களிலிருந்தும் அந்தப் பேச்சோடு நடந்தவற்றிலிருந்தும் அவளே பிடித்துக்கொண்டாள். கண்ணே பார்க்காத குழந்தைக்குக் கைகூடியது, பார்க்கும் கண் இருக்கிற நமக்கு ஏன் கூடாது?

இதற்காகப் படத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘மாம்பழம்’ போன்ற சொற்கள் ‘நியாயம்’ போன்றவற்றைவிட எளிதில் நினைவில் நிற்கும் என்பதைக் கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ஆலன் பைவியோ பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். உணர்ச்சியிலும் வித்தியாசம் உண்டு. ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வில், திகில் கதையை வாசிக்கும்போது மற்றவர்களுக்குத் தோலில் வியர்வை கூடியது. நம்மைப் போன்றவர்களுக்கு அநேகமாகக் கூடவில்லை. பயங்கரமான படங்களை நேரில் காட்டியபோது இரு சாராரும் ஒரேபோலப் பதறினார்கள். கதை புரியாமல் இல்லை, வாசித்தது காட்சியாக எழவில்லை, அவ்வளவுதான். நாவலில் இயற்கை வர்ணனைகளை நான் வேகமாகக் கடந்துவிடுவதும் உரையாடல் வந்ததும் நிமிர்ந்து உட்காருவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பெங்களூரில் வேலை பார்த்தபோது கன்னடம் கற்றேன். ‘சொல்லுக்கு ஒரு விநோதப் படத்தைக் கற்பனை செய்’ என்கிற வித்தை எனக்குச் சுத்தமாகப் பலிக்கவில்லை. மெஸ்ஸில் பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு நின்று கரண்டியைச் சாய்த்தபடியே ‘சாக்கா? இன்னூ பேக்கா?’ என்பார். போதுமா, இன்னும் வேண்டுமா என்று யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அந்தக் குரலின் ஏற்றமும் என் இலையில் சாம்பார் வந்து விழுந்ததும் போதுமாக இருந்தன. அதனால் உங்களுக்கு என் யோசனை: தனிச் சொல் பட்டியலை விட்டுவிடுங்கள். முழு வாக்கியமாக, யாரோ யாரிடமோ சொன்னபடி, அதே ராகத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். ‘கண்ணை மூடிக் கற்பனை செய்யுங்கள்’ என்று பயிற்சியாளர் சொன்னால், எனக்கு அது வராது என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், குழந்தை. மனதில் படம் தோன்றாமை குடும்பத்தில் ஓரளவு தொடர்வதுண்டு, ஆனால் பேச்சுக்கு அது தடை இல்லை. 2003இல் பட்ரிஷியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் ஆள் விளையாடிப் பேசிய 12 அமர்வுகளில் குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதையே திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. பட அட்டை வாங்கிக் கொடுங்கள், தப்பே இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பேசுங்கள். குழந்தை பதிலுக்கு ஏதாவது மழலையில் சொன்னால், அதற்கும் பதில் சொல்லுங்கள்.