எல்சாவும் ரேணுகையும்

அன்புள்ள அம்மா,

என் எட்டு வயது மகள் டிஸ்னியின் ‘ஃப்ரோஸன்’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். பிறந்தநாளுக்கு அதன் நாயகி எல்சாவின் நீல கவுன் வேண்டுமென்கிறாள். சென்ற வாரம், “நான் ஏன் எல்சா மாதிரி வெள்ளையாக இல்லை?” என்று கேட்டாள். இந்தக் கதாநாயகிகளின் துணிச்சல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த நிறமும் இடையும் அவளுக்கு இலட்சியமாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். இப்படங்களை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் உங்கள் அச்சம் வீணானதல்ல. அது எனக்கும் உண்டு.

டிஸ்னி படங்களின் நாயகியரில், 1937இல் வந்த ஸ்னோ ஒயிட்டும் 1959இல் வந்த அரோராவும் உறங்கிக் கிடந்து இளவரசனின் முத்தத்தால் விழித்தவர்கள். 2013இல் வந்த உங்கள் மகளின் படத்திலோ, உண்மையான அன்பே உறைந்த இதயத்தை உருக்கும் என்று கேட்டதும் நாம் ஓர் ஆண்மகனை எதிர்பார்த்திருக்க, தங்கை அன்னா தன் தமக்கை எல்சாவைக் காக்கத் தன்னுயிரை முன்வைப்பதே அந்த அன்பாகிறது. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும், அச்சத்தை உதறி எல்சா முதன்முதலாக நிமிர்ந்து நடக்கும் அதே பாடலில் அவள் உடை இறுகுகிறது, குதிகால் உயர்கிறது. பெண்ணின் விடுதலையை அழகுமேடை நடையாகவே வரையத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கசக்கிறது.

கதை ஒன்று, கதையிலிருந்து பிய்த்தெடுத்துப் பையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் ஒட்டும் படம் வேறொன்று. ‘பிரேவ்’ படத்தின் மெரிடா, கலைந்த செம்பட்டை முடியும் கையில் வில்லுமாக, தன்னைப் பெண்கேட்டு வந்தவர்களைப் போட்டியில் தானே வென்றவள். படம் வந்த மறு ஆண்டே டிஸ்னி நிறுவனம் அவளைத் தன் இளவரசியர் வரிசையில் சேர்த்தபோது, இடையைச் சிறுத்து, முடியைப் படியவைத்து, வில்லையும் நீக்கிய ஓர் உருவத்தை வெளியிட்டது. அவளைப் படைத்த இயக்குநர் பிரெண்டா சாப்மேன் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டனர். நம் சண்டை பெரும்பாலும் இந்த இரண்டாவது உருவத்தோடுதான் என்று நினைக்கிறேன்.

குழந்தைகள் கதையைச் சொன்னபடியே வாங்கிக்கொள்வதும் இல்லை. உங்கள் ஊரையே பாருங்கள். நீரில் தெரிந்த கந்தர்வனின் நிழலை ஒரு கணம் வியந்ததற்காக ரேணுகையின் தலையை மகனே வெட்டினான் என்கிறது புராணம். கற்பின் இலக்கணம் கற்பிக்க அதைவிடக் கொடிய கதை வேண்டியதில்லை. ஆனால் வைகாசி முதல் நாள், வெட்டுண்ட அந்தத் தலையே கெங்கையம்மன் சிரசாக ஊர்வலம் வரும்போது, அங்கே திரள்கிற கூட்டம் தண்டிக்கப்பட்ட ஒருத்தியைப் பார்க்க வருவதில்லை, தாயைப் பார்க்க வருகிறது. கதை எதைச் சொல்லித்தந்ததோ அதை விட்டு, தமக்கு வேண்டியதை நம் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். உங்கள் மகளும் அந்த இடையை விட்டுவிட்டு, பூட்டிய அறைக்குள் தன் ஆற்றலை ஒளித்துவைத்து அஞ்சிய சிறுமியை எடுத்துக்கொண்டிருக்கக் கூடும். எல்சாவிடம் எது பிடிக்கும் என்று அவளையே கேளுங்கள்.

நிறத்தைப் பற்றிய கேள்வி வேறு. அதை எல்சா மட்டும் விதைக்கவில்லை. பிள்ளை பிறந்ததுமே நிறம் விசாரிக்கும் உறவினர், மாப்பிள்ளை வீட்டார் என்று நாம் அனைவரும் அதற்குப் பொறுப்பு. “அப்படியெல்லாம் கேட்கக்கூடாது” என்று அவள் வாயை அடைத்துவிடாதீர்கள். அவள் முன்னிலையில் எவரேனும் நிறத்தைப் பேசினால், அவள் காது கேட்கவே மறுத்துச் சொல்லுங்கள், பேசியவர் மாமியாராக இருந்தாலும்.

கவுனைத் தைத்துக் கொடுங்கள். கூடவே டிஸ்னியின் மோவானாவையும், ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில் வரும் பத்து வயது சிஹிரோவையும் காட்டுங்கள். சிஹிரோ அழகி அல்லள், இளவரசியும் அல்லள். குளியல் விடுதியில் தரை துடைத்து, வேலை கற்று, பெற்றோரை மீட்கிறாள். தொடக்கத்தில் அவர்கள் பன்றிகளாக மாறும் காட்சி எட்டு வயதுக்குச் சற்று அச்சமூட்டும் என்பதால், முதல் முறை அருகில் அமர்ந்து பாருங்கள்.

அன்புடன்.