ஐந்தாவது வாரத்தில் நொண்டும் கறிக்கோழிகள்

கேள்வி: மணலி புதுநகரில் 400 கறிக்கோழி வளர்க்கிறேன். வயது 35 நாள். ஒரு வாரமாக இருபது கோழிக்கு மேல் நொண்டுகின்றன, கால் மூட்டுக்குப் பின்பக்கம் வீங்கியிருக்கிறது. கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக்கை நாலு நாள் தண்ணீரில் கலந்தும் கேட்கவில்லை. வேறு என்ன மருந்து போடலாம்? மீதியை விற்கலாமா? (கொட்டகைத் தரையில் பரப்பியிருந்த போன பேட்ச் உமியையே கிளறிவிட்டுத்தான் குஞ்சு இறக்கினேன்.)

பதில்: தம்பி, இன்னொரு மருந்து வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு ரியோ வைரஸ் மேல்தான் சந்தேகம். கறிக்கோழியில் நாலு முதல் ஏழு வாரத்துக்குள் தலைகாட்டும், மூட்டையும் அதற்கு மேலே ஓடும் தசைநாணையும் (தசையை எலும்போடு கட்டும் நார்) பிடிக்கும், கோழி வேகமாக எடை போடுகிற நேரம் அதுதான் என்பதால் சிலதுக்கு நாண் அறுந்தே போய்விடும். மூட்டுக்கு மேலே இறகை விலக்கிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சையும் நீலமுமாக ரத்தம் கட்டியிருந்தால் நாண் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோழி தீவனத்துக்கும் தண்ணீருக்கும் போகமுடியாமல் கிடந்து சாகும், அப்படி விடாமல் உடனே கொன்று கழித்துவிடுங்கள்.

வைரஸ் என்றால் மருந்து கிடையாது. ஆனால் மைக்கோபிளாஸ்மா, ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகளும் இதே மாதிரி மூட்டை வீங்க வைக்கும், அவற்றுக்குச் சரியான மருந்து இருக்கிறது. வெளியே இருந்து பார்த்து எது என்று நானும் சொல்ல முடியாது, மருந்துக் கடைக்காரரும் சொல்ல முடியாது. மாதவரம் பால்பண்ணையில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கம்தானே? நேற்று இன்று நொண்ட ஆரம்பித்த மூன்று நாலு கோழியை உயிரோடு கொண்டுபோங்கள், செத்ததை வேண்டாம். எந்த மருந்து, எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதை மறைத்தால் கிருமிப் பரிசோதனை முடிவே தப்பாகப் போகலாம்.

சரி, எங்கிருந்து வந்தது? இன்றைக்குத் தெரிகிற நொண்டல் பெரும்பாலும் குஞ்சாக இருந்தபோதே ஒட்டிக்கொண்டது. முதல் சில நாள் குஞ்சுக்கு இந்த வைரஸைத் தாங்கும் சக்தி இல்லை, இரண்டு வாரம் தாண்டினால் ஓரளவு தாங்கும். எச்சத்தில் பரவும், கொஞ்சம் முட்டை வழியாகவும் வரும். அதனால்தான் பழைய உமி என்று படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. போன பேட்ச்சில் வைரஸ் இருந்திருந்தால், இறக்கின அன்றே குஞ்சு அதைக் கொத்தித் தின்றிருக்கும். செலவு மிச்சம் என்று தோன்றும்தான், ஆனால் இதில் மட்டும் வேண்டாம் தம்பி.

இந்த பேட்ச் போனதும் உமி முழுவதையும் வெளியேற்றி, தரையைத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, அப்புறம் அயோடின் கலந்த கிருமிநாசினி தெளியுங்கள். அழுக்கு இருக்கும்போது தெளித்தால் வீண், இது லேசில் சாகிற வைரஸ் இல்லை. குறைந்தது இரண்டு வாரம் கொட்டகை காலியாகக் கிடக்கட்டும். அடுத்த குஞ்சு வாங்கும்போது தாய்க்கோழிக்கு ரியோ தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று பொரிப்பகத்தில் கேளுங்கள், தாயின் எதிர்ப்புச்சக்திதான் முட்டை வழியாக வந்து முதல் வாரங்களில் குஞ்சைக் காக்கும்.

கோழியின் ரியோ வைரஸ் மனிதருக்கு வராது. நன்றாக நடமாடுகிற கோழியை விற்கலாம், ஆனால் நீங்கள் கொடுத்த ஆன்டிபயாடிக் சீட்டில் மருந்தை நிறுத்தின பிறகு கறிக்கு எத்தனை நாள் இடைவெளி போட்டிருக்கிறதோ அது முடிந்த பிறகுதான். கால் வீங்கினதை யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். செத்ததைப் பக்கிங்காம் கால்வாயில் வீசுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கிணறு, போர்வெல் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, மேடான பக்கத்தில் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.