பாஸ் போனை எடுக்கிறார் இல்லை

வீடும் வளவும்: வாசகர் கேள்வி பதில்
பதில் எழுதுபவர், திருகோணமலையில் 31 வருடம் கட்டட வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் (ரி.ஓ.).

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. உப்புவெளியில் இருக்கிறேன். பழைய குசினியோடு சேர்த்து 12 அடிக்கு 14 அடி அறை ஒன்றும் குளியலறை ஒன்றும் கட்ட, தெரிந்தவர் கூட்டி வந்த ஒரு மேசன் பாஸிடம் 22 இலட்சத்துக்குக் கொந்தராத்துப் பேசினோம். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசு. சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கிழமை வேலை தொடங்கியது. மூன்று மாதத்தில் திறப்பைக் கையில் தருவேன் என்றார். தொடக்கத்தில் 8 இலட்சம் கொடுத்தேன், அத்திவாரம் முடிய 5 இலட்சம். பிறகு, “ரீச்சர், கம்பி விலை ஏறப்போகுது, இப்பவே எடுத்துப் போடுவம்” என்று இன்னும் 3 இலட்சம் வாங்கினார். ஒவ்வொரு தரமும் என் சீ.ஆர். கொப்பியில் கையெழுத்து வைத்தார். வேறு எழுத்து ஒன்றும் இல்லை. சுவர் லிண்டல் மட்டம் வரை, அதாவது கதவு யன்னலுக்கு மேல் வருகிற கொங்கிறீட் வளை மட்டும், வந்தது. ஜூன் தொடக்கத்தோடு ஆளைக் காணவில்லை. மாமரத்தடியில் எட்டுக் கம்பி கிடக்கிறது, தூண் கம்பி வானத்தைப் பார்த்தபடி கறள் பிடிக்கிறது. குசினிச் சுவரை உடைத்த இடத்தில் படங்கு கட்டியிருக்கிறேன். கச்சான் காற்றுக்கு அது இரவு முழுக்கப் படபடவென்று அடிக்கிறது, சோற்றுப் பானைக்குள் மணல். போன் எடுத்தால் பதில் இல்லை. ஒருவேளை அவர் எடுத்தாலும் “நாளைக்கு வாறன் ரீச்சர்” என்பார். நானும் காலை ஆறு மணிக்கே தேத்தண்ணீர் ஊற்றிப் பிளாஸ்கில் வைத்துவிட்டுக் காத்திருப்பேன். போன கிழமை மீன் சந்தையில் நேரே கண்டேன். இன்னும் 2 இலட்சம் தந்தால் திங்கட்கிழமை நாலு ஆளோடு வருவேன் என்கிறார். கொடுக்கவா? மாரி வரப்போகிறது.

பதில்: ரீச்சர், கொடுக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

உங்கள் பாஸ் கள்ளன் என்று நான் நினைக்கவில்லை. 31 வருடத்தில் கள்ளர்களைக் கொஞ்சப் பேரைத்தான் கண்டேன். மற்றவர்களின் கதை வேறு. அவர் நல்ல மேசனாக இருந்திருப்பார். கரணை பிடிக்கத் தெரியும், தூக்குக்குண்டு போடத் தெரியும். கையில் முதல் கிடையாது. நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டைக் குறைந்த விலைக்குப் பேசிச் சறுக்கியிருப்பார், அதை முடிக்கக் காசு வேண்டும். அப்போது நீங்கள் வந்தீர்கள். உங்கள் 8 இலட்சத்தில் ஒரு பங்கு அந்த வீட்டுக் கூரையாகப் போயிருக்கும். உங்கள் வேலையை முடிக்க இன்னொருவரின் அட்வான்ஸ் வேண்டும், அவரின் வேலைக்கு அதற்கு அடுத்தவர். ஒரு வீட்டின் காசில் இன்னொரு வீடு எழும்புகிற இந்தச் சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே போன் அடித்துக்கொண்டே கிடக்கும். நீங்கள் இப்போது கொடுக்கிற 2 இலட்சமும் உங்கள் வளவுக்கு வராது. ஒரு திங்கட்கிழமை நாலு ஆள் வருவார்கள், அது உண்மை. புதன்கிழமை பாருங்கள்.

நான் பெரிய விண்ணன் மாதிரிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2012 இல் என் வீட்டுக் குளியலறையைத் திருத்தினேன். மற்றவன் வீட்டில் மட்டக்குழாய் பிடித்துப் பார்க்கிற நான், என் வீட்டில் “ரி.ஓ. ஐயா, நீங்கள் கந்தோருக்குப் போங்கோ, நான் பார்க்கிறன்” என்ற ஒரு சொல்லுக்கு மயங்கி முழுக் காசையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். ஐந்து அடி நீளத் தரை. வழிந்தோட ஒன்றரை அங்குலச் சரிவு வேண்டும். சரிவு இருந்தது, ஆனால் விறாந்தைப் பக்கம். குளித்தால் தண்ணீர் கதவைத் தாண்டி வந்து என்னிடம் சுகம் விசாரிக்கும். பாஸைக் கூப்பிட்டேன், அவர் அப்போது மூதூரில் வேலையாம். என் மனைவி இன்றைக்கும் தும்புத்தடியோடுதான் குளிக்கப் போகிறார். அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை.

சரி, உங்கள் விசயத்துக்கு வருவோம். முதலில் கணக்கு. அவர் எவ்வளவு வாங்கினார் என்பது கொப்பியில் இருக்கிறது, எவ்வளவு செய்தார் என்பது சுவரில் இருக்கிறது. நீங்கள் ரீச்சர், எண்ணத் தெரியும். சீமெந்துக் கல் ஒன்று 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம். 100 சதுர அடிச் சுவருக்கு ஏறக்குறைய 112 கல் போகும். குசினிச் சுவர் ஒரு பக்கம் முன்பே இருப்பதால் அறைக்குப் புதிதாக எழுந்தது மூன்று பக்கம்தான்: 38 அடி நீளம், 7 அடி உயரம், 266 சதுர அடி. 300 கல், கதவு யன்னல் வாயைக் கழித்தால் இன்னும் குறையும். குளியலறையை இதே மாதிரிக் கணக்கெடுங்கள். கல் அறுக்கிற இடத்தில் ஒரு கல் என்ன விலை என்று கேளுங்கள். 3 இலட்சத்துக்கு எடுத்த கம்பி எங்கே என்பதும் கணக்கில் வரவேண்டும். தூணில் நிற்பதையும் மாமரத்தடியில் கிடக்கிற எட்டையும் கூட்டினால் அந்தத் தொகைக்குப் பக்கத்திலும் வராது. அயலில் இன்னொரு மேசனையோ ரி.ஓ. ஒருவரையோ கூப்பிட்டு, நிற்கிற வேலையின் பெறுமதியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள். அன்றைய பத்திரிகையை ஒரு படத்திலாவது சுவரோடு சாய்த்து வைத்து எடுத்தால் திகதி பற்றிப் பிறகு கதை வராது.

அடுத்தது கடிதம். போனில் சொன்னது காற்றோடு போய்விடும், அதிலும் இது கச்சான் காலம். எந்தத் திகதியில் எவ்வளவு கொடுத்தேன், எந்த மட்டத்தில் வேலை நிற்கிறது, 14 நாளைக்குள் தொடங்காவிட்டால் வேறு ஆளைப் பிடித்து முடிப்பேன், மேலதிகச் செலவை உங்களிடம் கேட்பேன் என்று அரைப் பக்கம் போதும். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைக் கொப்பிக்குள் ஒட்டுங்கள். திட்ட வேண்டாம். திட்டினால் கடிதம் நீளும், பிறகு வாசிக்கிறவர்கள் அந்தத் திட்டைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அதற்கும் அசையாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை. சட்டத்தரணியைக் கூட்டிப் போக முடியாது, தேவையும் இல்லை. நீங்களும் பாஸும் மத்தியஸ்தர்கள் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். இணக்கம் வந்தால் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். வராவிட்டால் இணக்கம் இல்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். பொலிஸுக்குப் போனாலும் இது காசுக் கொடுக்கல் வாங்கல் என்று கடைசியில் இந்தச் சபைக்குத்தான் அனுப்புவார்கள். என் அனுபவத்தில், போனை எடுக்காத பாஸ்மார் மத்தியஸ்த சபைக் கடிதம் கண்டதும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். ஊருக்குள் அடுத்த வேலை பிடிக்க வேண்டுமே. இன்னொன்று: எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு வழக்கு வைக்க 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம்தான். உங்கள் கொப்பியில் இருப்பது பற்றுச்சீட்டா, ஒப்பந்தமா என்று வாதாட இடம் இருக்கிறது, அதனால் மூன்று வருடம் என்றே கணக்கு வையுங்கள்.

தூண் கம்பியைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. உப்புவெளியில் கடல் கூப்பிடு தூரம், உப்புக் காற்று கம்பியை விடாது. கம்பித் தூரிகையால் ஒரு இடத்தில் அழுத்தித் தேயுங்கள். செம்மண் தூள் மாதிரி உதிர்ந்து உள்ளே இரும்பு மினுங்கினால் பயமில்லை. வெங்காயத்தை உரிக்கிற மாதிரிப் படை படையாகக் கழன்றால், குழி விழுந்திருந்தால், ஒரு பொறியியலாளரிடம் காட்டாமல் கொங்கிறீட் போட வேண்டாம். மினுங்கினால் சீமெந்துப் பால் கரைத்து இரண்டு பூச்சுப் பூசிவிடுங்கள். வேலை தொடங்கும்போது அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கொங்கிறீட். வளவில் குவித்திருக்கிற மணலிலும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். மகாவலி மணல் என்று காசு வாங்கிவிட்டுக் கடல் மணல் பறித்துவிட்டுப் போன கதை எனக்குத் தெரியும். உப்புக் கரித்தால் அது பூக்கன்றுக்குக் கூட உதவாது.

மாரிக்கு முன்னால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: படங்கைக் கழற்றிவிட்டு உடைத்த இடத்தை நாலு தகரம் அடித்து மூடுங்கள், ஒரு நாள் வேலை. அத்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி ஒழுங்கைப் பக்கம் விடுங்கள். மேலே பிணைக்கிற வளையோ கூரையோ இல்லாமல் தனியே நிற்கிற சுவருக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். வாடைக் காற்று தள்ளினால் விழுந்துவிடும். பேரப்பிள்ளைகள் வந்தால் அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

புது ஆளைப் பிடிக்கும்போது முழுக் கொந்தராத்து வேண்டாம். கூலியை மட்டும் பேசுங்கள், சாமானை நீங்களே எடுங்கள். சீமெந்து ஆலை இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இன்னொருவர் கையால் சீமெந்து வாங்க வேண்டியதில்லை. லிண்டல் முடிய இவ்வளவு, கூரை ஏற இவ்வளவு, பூச்சு முடிய இவ்வளவு என்று பிரித்து, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். கூலியில் பத்தில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு மாரி பார்த்த பிறகு தருவேன் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்காமல் “சரி ரீச்சர்” என்கிறவருக்கு வேலையைக் கொடுங்கள்.

கேள்வி: போன வருடம் கூரைத் தகரம் மாற்றினோம். மழைக்கு மூன்று இடத்தில் ஒழுகுகிறது. வேலை செய்தவர் தகரம் சரியில்லை என்கிறார், கடைக்காரர் வேலை சரியில்லை என்கிறார். யாரை நம்புவது? (வாசகர், சாம்பல்தீவு)

பதில்: இரண்டு பேரையும் விட்டுவிட்டு ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். ஆணி தகர அலையின் முதுகில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா? தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அங்கே அடித்த ஆணியின் றப்பர் வொஷர் ஒரு வெயிலுக்கு வெடித்துவிட்டால் ஒழுகத்தான் செய்யும். அடுத்து, மேல் தகரம் கீழ்த் தகரத்தில் ஆறு அங்குலமாவது ஏறியிருக்க வேண்டும். தகரங்கள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற இடத்தின் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் பாருங்கள். நமக்குப் பெரிய மழை வடகிழக்கில் இருந்து அடித்துக்கொண்டு வருவது. வாய் அந்தப் பக்கம் திறந்திருந்தால் காற்றே தண்ணீரை உள்ளே ஊட்டிவிடும். மூன்றில் எது இருந்தாலும் கடைக்காரர் மீது பிழையில்லை.

கேள்வி: ரி.ஓ. ஐயா, நான் தம்பலகாமத்தில் மேசன். நீங்கள் எப்போதும் வீட்டுக்காரர் பக்கமே எழுதுகிறீர்கள். ஒரு வீட்டில் யன்னலை மூன்று தரம் இடம் மாற்றினார்கள். வெளிநாட்டு மகன் வட்ஸ்அப்பில் புதுப் படம் அனுப்புவார், நான் கட்டியதை உடைப்பேன். கடைசியில் உடைத்த கூலியைக் கேட்டால், பேசிய காசுதான் என்கிறார்கள். எங்களுக்கு யார் எழுதுவது?

பதில்: நியாயமான கோபம் தம்பி. யன்னலை இடம் மாற்றுவது வீட்டுக்காரருக்கு விரலால் காட்டுகிற வேலை, உங்களுக்கு ஒன்றரை நாள் கூலி, பத்து இருபது கல், அரைப் பக்கற் சீமெந்து. சுத்தியலைத் தூக்க முன்னம் வீட்டுக்காரரிடம் ஒரு கொப்பி கேளுங்கள். “கிழக்கு யன்னலை இரண்டு அடி தள்ளுவதற்கு மேலதிகக் கூலி இவ்வளவு” என்று ஒரு வரி எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து. கையெழுத்து வைக்கத் தயங்கினால் யன்னல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மகன் படம் அனுப்பினால் அந்தப் படத்துக்கே கூலியை எழுதித் திருப்பி அனுப்புங்கள், அவர் “ஓகே” என்று போட்டால் அதுவும் எழுத்துத்தான்.

உங்களிடம் எனக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது. வர முடியாத நாளில் போனை எடுத்து “இண்டைக்கு வரமாட்டன்” என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கூட்டாளிமாருக்கும் சொல்லுங்கள். உப்புவெளியில் ஒரு ரீச்சர் காலை ஆறு மணிக்கே தேத்தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு இருக்கிறார்.