ஆர்சனலில் இருந்து திரும்பியவர் தோற்றவரா?

வணக்கம் நண்பரே. வேல்ஸ் கால்பந்து வீரர் ஆர்ஃபன் கிரிஃபித்ஸ் பற்றிய உங்கள் கட்டுரை "ஆர்சனலில் நிலைக்காதவர்" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரியை முதலில் எடுத்துவிடுங்கள்.

1961-ல் லண்டன் கிளப்பான ஆர்சனல் போனார், 15 லீக் ஆட்டங்கள், அடுத்த ஆண்டே வேல்ஸில் உள்ள சொந்த ஊர் கிளப்பான ரெக்ஸமுக்குத் திரும்பினார். அவ்வளவுதான். உண்மையான கதை அதற்குப் பிறகுதான்: ரெக்ஸமுக்காக மொத்தம் 592 லீக் ஆட்டங்கள்! கிளப் சாதனை அது.

1975 நவம்பரில் தொடங்குங்கள். ஆஸ்திரியாவுக்கு எதிரான ஆட்டம், நடந்ததும் ரெக்ஸமின் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில். 1-0. வேல்ஸை நாடுகளுக்கான ஐரோப்பிய சாம்பியன்ஷிப் (யூரோ) காலிறுதிக்கு அனுப்பிய அந்த ஒரே கோலை அடித்தவர், இங்கிலாந்து லீக்கின் மூன்றாம் நிலையான மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த இந்த 34 வயதுக்காரர். எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

முடிவுக்கு 1978 இருக்கிறது: அவரே மேலாளராக, ரெக்ஸமுக்கு மூன்றாம் டிவிஷன் பட்டம்.