இடிப்பதற்குள் அளந்து வையுங்கள்

கட்டடக்கலை வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் பதிலளிக்கிறார்

மகள் பி.ஆர்க். முடிக்கப் போகிறாள். இனி கட்டடக்கலை வரலாறு, பழைய கட்டடப் பாதுகாப்பு என்றுதான் போவேன் என்கிறாள். சோறு போடுமா?
*ஒரு வாசகி, மதுரை*

போடும் அம்மா, கொஞ்சம் மெதுவாகப் போடும். டெல்லியில் எஸ்.பி.ஏ. என்ற திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனத்தில் கட்டடப் பாதுகாப்புக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. படித்தவர்கள் கல்லூரிகளிலும் பாதுகாப்பு ஆலோசகர்களிடமும் வேலை பார்க்கிறார்கள். அதுவரை சரி. பழைய கட்டடங்களை அளக்க வெயிலில் டேப் பிடித்து நிற்க அவளுக்குப் பிடிக்குமா? அதைக் கேளுங்கள்.

என் மாணவர்களைத் திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளுக்கு அழைத்துப் போவேன். மேலே மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய வகை மேல்தளம். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போயிருப்பார்கள். அடியில் பலகை அடிக்காமலே தளம் நிற்கும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு வரிசையாக வரைந்த பிள்ளைக்கு அந்தக் கொத்தனாரின் மூளை புரிந்துவிடும். நான் கற்பித்ததில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அதுதான்.

இடிக்கிறவர்கள் இடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். வரைந்து வைத்து என்ன பயன்?
*ஒரு மாணவர், கோவை*

அண்ணா சாலையில் 1897-ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். பழைய கட்டடங்களையும் மரபுச் சின்னங்களையும் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இப்படி ஒரு கட்டடத்துக்காக வாதாட ‘அழகாக இருக்கிறது’ என்பது போதாது. யார் கட்டியது, எந்த ஆண்டு, எது பிற்காலச் சேர்க்கை என்று ஆதாரம் வேண்டும். உங்கள் வரைபடமும் அதில் ஒன்று. வரையுங்கள் தம்பி, தேதி போட்டு வையுங்கள்.

தாத்தா காலத்து வீடு. சுண்ணாம்புச் சுவரின் கீழ்ப்பகுதி உதிர்கிறது. சிமெண்ட் பூசலாமா?
*ஒரு வாசகர், கும்பகோணம்*

தயவுசெய்து வேண்டாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதைத் தடுக்கும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லை அரிக்கும். முதலில் சுவரோரம் தண்ணீர் தேங்குகிறதா, மழைநீர்க் குழாய் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்து, உதிர்ந்ததைச் சுரண்டி, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். அப்புறம் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.