பிளான்டு ஆர்டரை நோண்டாதீர்கள், தம்பி

ஸ்ரீபெரும்புதூரில் பிளானிங் பார்த்தேன், அடுத்து ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு தொழிற்சாலை, எஸ்ஏபி (தொழிற்சாலை வேலையை நடத்தும் மென்பொருள்) தெரிந்தால் போதுமா, குளிர், சாப்பாடு, வீடு எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கு ஜாக்கெட் இருக்கிறது, புளியும் பருப்பும் கிடைக்கிறது, வீடு கஷ்டம்தான், அதைச் சொல்ல நிறைய பேர் வருவார்கள். நான் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

திரை முழுக்க ஜெர்மன் இருந்தாலும் பயப்படாதீர்கள், ஒரு பொருளின் இருப்பையும் தேவையையும் காட்டும் எம்டி04 எங்கே அடித்தாலும் எம்டி04தான். பிளான்டு ஆர்டர் என்பது எதை, எப்போது, எவ்வளவு செய்யலாம் என்று சிஸ்டம் போடும் யோசனை மட்டுமே, இன்று ராத்திரி எம்ஆர்பி (தேவையைக் கணக்கிடும் ஓட்டம்) ஓடினால் அழித்துவிட்டு வேறு தேதியில் போடும். நம் ஆட்களுக்கு அது பொறுக்காது. தேதியையோ எண்ணிக்கையையோ கையால் மாற்றி சேவ் செய்வார்கள், உடனே ‘ஃபர்ம்’, அதாவது உறுதி, டிக் தானாக விழுந்துவிடும். அப்புறம் எம்ஆர்பி அதைத் தொடாது. வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்தாலும் அது அப்படியே நிற்கும், அதன் பிஓஎம்மில் (உதிரிப் பட்டியலில்) இருக்கும் உதிரிகளுக்கெல்லாம் தேவை காட்டிக்கொண்டே இருக்கும், பர்ச்சேஸும் வாங்கிக் குவிப்பார்கள். சிஸ்டம் 20 என்று எச்சரிக்கை போடும், ரத்து செய் என்று அர்த்தம். 10 என்றால் முன்னே இழு, 15 என்றால் தள்ளிப்போடு. தினமும் காலையில் முதல் வேலையாக இதைப் பாருங்கள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் எல்லாவற்றையும் ஃபர்ம் செய்துவிட்டு தனியாக ஒரு எக்செல் வைத்து ஓட்டியிருந்தார். நம்ம ஊர்க்காரர்தான், அதற்கு மேல் சொல்ல வேண்டாம். தேதி தப்பாக வந்தால் மெட்டீரியல் மாஸ்டரில் (அந்தப் பொருளின் அடிப்படைப் பதிவில்) லீட் டைம், லாட் சைஸ், அதாவது எத்தனை நாள் ஆகும், ஒரு தடவைக்கு எவ்வளவு என்பது, என்ன இருக்கிறது என்று பாருங்கள், ஆர்டரை விடுங்கள்.

விடுமுறை இன்னொரு தலைவலி. உள்ளே செய்யும் பாகத்துக்கு நாட்களை சிஸ்டம் ஃபேக்டரி காலண்டர்படி வேலை நாளாக எண்ணும், வெளியே வாங்குவதற்கு ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்து எண்ணும். ஆகஸ்டில் சப்ளையர் கதவைப் பூட்டிவிட்டுப் போவது அதற்கு எப்படித் தெரியும்? ஃப்ரோன்லைக்னாம் என்ற கத்தோலிக்கப் பண்டிகை வியாழக்கிழமை, ஸ்டுட்கார்ட் பக்கம் லீவு, பெர்லினில் கிடையாது. மறுநாள் வெள்ளி காலண்டரில் வேலை நாள், ஷாப்புக்குள் போய்ப் பாருங்கள், பாதிப் பேர் இருக்க மாட்டார்கள்.

பிளான்டு ஆர்டர்களை மொத்தமாக புரொடக்‌ஷன் ஆர்டராக்கும் சிஓ41-இல் மாதம் முழுவதையும் ஒரேயடியாக கன்வர்ட் செய்யாதீர்கள். புரொடக்‌ஷன் ஆர்டர் ஆகிவிட்டால் எம்ஆர்பி நகர்த்தாது, புலம்ப மட்டும் செய்யும். முதலில் கீழே ஷாப்புக்குப் போய் மைஸ்டரை (ஃபோர்மேனை) கேளுங்கள். எங்கள் மைஸ்டர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், ஷிஃப்ட் தொடங்கும்போதே பட்டியலை பிரிண்ட் எடுத்து பென்சிலால் அடித்துக்கொண்டே வருவார், ஒவ்வொன்றுக்கும் “நோய், நோய்” என்பார், இந்தப் பக்கத்து வட்டார ஜெர்மனான ஸ்வேபியனில் இல்லை என்று அர்த்தம். வகுப்பில் படித்த ஜெர்மன் அவரிடம் செல்லாது. இருந்தாலும் தினமும் போய் நின்றேன், எந்த மெஷின் படுத்திருக்கிறது, எந்த டூல் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரிந்தது. மேல்மாடியில் ஆங்கிலத்திலேயே மீட்டிங் ஓட்டும் நம்மவர்கள் இத்தனை வருடம் கழித்தும் ஜெர்மன்காரன் ஒட்டமாட்டான் என்கிறார்கள். கேன்டீனில் தனி மேஜை பிடித்து உட்கார்ந்தால் யார் வந்து ஒட்டுவார்கள்?