அதே பாட்டு, 13 ஆண்டுகள் கழித்து

அன்புள்ள சார்,

தி டெல்ஸ் என்ற அமெரிக்கப் பாடகர் குழுவின் ‘ஓ, வாட் எ நைட்’ பாட்டைத் தற்செயலாகக் கேட்டேன். தேடிப் பார்த்தால் அதே குழு 1956-இல் ஒருமுறை, 1969-இல் ஒருமுறை பதிவு செய்திருக்கிறது. குரல்களின் கூட்டிசையான டூ-வாப் பாணியில் வந்த முதல் பதிவின் எளிமை, பின்னால் வந்த, உணர்ச்சி பொங்கப் பாடும் சோல் பாணிப் பதிவில் காணாமல் போய்விட்டதாகப் படுகிறது. ஹிட்டான பாட்டைத் திரும்பப் பாடுவது வியாபாரம்தானே?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வியாபாரமும் உண்டு. வீ-ஜே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிய ‘ஸ்டே இன் மை கார்னர்’ பாட்டை, செஸ் நிறுவனத்தின் கேடட் லேபிளுக்காக 1968-இல் மறுபடி பாடினார்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்ட அந்தப் பதிவு ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ், கறுப்பின மக்களின் இசை) பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே ‘ஓ, வாட் எ நைட்’ பாட்டை எடுத்தார்கள், இதுவும் முதலிடம். (ஃபோர் சீசன்ஸ் 1975-இல் வெளியிட்ட பாட்டின் பெயரிலும் இதே சொற்கள் வரும். அது வேறு பாட்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் எளிமை போய்விட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெல்ஸ், சிகாகோவுக்குத் தெற்கே ஹார்வி என்ற ஊரில் ஒன்றாகப் பள்ளியில் படித்த பையன்கள். டூ-வாப் தெருமுனையில் வளர்ந்த இசை. வாத்தியம் இல்லாத இடத்தில் குரல்களே வாத்தியம். 1956 பதிவைக் கவனித்துக் கேளுங்கள்: ஒருவர் முன்னால் நின்று பாட, மற்றவர்களின் குரல்கள் அடியில் பாய் விரித்ததுபோல அவரைத் தாங்குகின்றன.

1969-இல் தயாரிப்பாளர் பாபி மில்லர். இசை ஒழுங்கமைப்பு சார்ல்ஸ் ஸ்டெப்னி, என் கணக்கில் அக்காலச் சிகாகோவின் பெரிய மேதை. தாங்கும் வேலையை வயலின்களும் ஊதுகருவிகளும் எடுத்துக்கொண்டன. குரல்களுக்கு விடுதலை கிடைத்தது. சக் பார்க்ஸ்டேல் அடிக்குரலில் பேசித் தொடங்குகிறார். ஜானி கார்ட்டரின் பொய்க்குரல் (ஃபால்செட்டோ, ஆண் பாடும் மெல்லிய உச்சக்குரல்) மேலே எங்கோ மிதக்கிறது. முதல் பதிவில் அவர் இல்லை. குழுவின் பாடகர் மார்வின் ஜூனியரோடு சேர்ந்து இந்தப் பாட்டை எழுதிய ஜானி ஃபன்சஸ் விலகியபின், 1960-இல் ஃபிளமிங்கோஸ் குழுவிலிருந்து வந்தவர்.

அப்புறம், பாட்டு எதைப் பற்றியது என்று பாருங்கள். கடந்துபோன ஓர் இரவை நினைத்துப் பாடுவது. 1956-இல் மார்வினுக்கு 20 வயது. அந்தப் பதிவைக் கேட்டால் அந்த இரவு நேற்றுதான் முடிந்ததுபோல இருக்கிறது. பிறகு 1958-இல் ஒரு கார் விபத்து, குழு கலைந்தது, மறுபடி கூடியது. 33 வயதில் அவர் அதே சொற்களைத் தொண்டை கரகரக்கப் பாடும்போது அந்த இரவு வெகுதூரம் போய்விட்டிருக்கிறது. அதைக் கூப்பிட்டுத்தான் அவர் கத்துகிறார். எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

ஒன்று செய்யுங்கள். இன்றிரவு பழையதை மட்டும் கேளுங்கள். புதியதை இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். பார்க்ஸ்டேல் பேசி முடித்து மார்வின் வாய் திறக்கும் அந்த இடம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.